ஒட்டாத உறை: அடிமை ஒழிப்புக் காலத்து அறிமுகக் கடிதங்களும் நம் துண்டுச் சீட்டும்

1. இரண்டு ஓலைகள்

பெரியபுராணத்தில் சிவபெருமான் பேரால் இரண்டு ஓலைகள் வருகின்றன. ஒன்று ஆளோலை. புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்குள் கிழவேதியர் ஒருவர் நுழைந்து, 'இவன் எனக்கு அடிமை' என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அந்த ஊர்ச் சபையார் பாட்டனாரின் கையெழுத்தை அவருடைய வேறோர் ஓலையோடு ஒத்துப்பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே, வழக்கு சுந்தரருக்கு எதிராக முடிகிறது.

இரண்டாவது, மதுரைப் பாணபத்திரர் கையில் கொடுத்தனுப்பப்பட்டது. இவருக்குப் பொருள் கொடுத்து அனுப்பு என்று ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம் அது. பதினோராம் திருமுறை அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆற்றுப்படையை வாய்மொழிச் சிபாரிசு என்று கொண்டால், எழுத்துச் சிபாரிசுக்கு நம் மரபில் இதுவே மூத்த சாட்சி என்பேன்.

ஒரே கடவுளின் ஓலை ஒருவரைக் கட்டிப்போடுகிறது, இன்னொருவருக்கு அரண்மனைக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆளைக் கட்டும் தாளும் ஆளுக்குக் கதவு திறக்கும் தாளும் எவ்வளவு தூரம் வேறானவை? 19-ஆம் நூற்றாண்டின் அடிமை ஒழிப்பாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட அறிமுகக் கடிதங்களை முன்வைத்து இந்தக் கேள்வியை ஆராய முயல்கிறது இக்கட்டுரை.

புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்தில் உட்கார்ந்துகொண்டு பாஸ்டன், டப்ளின் கடிதங்களைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கடல் தாண்டியவர்கள் இரு வகை. நகரத்தார் வீட்டுப் பையன் ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனால், 'உ', 'சிவமயம்' என்று தலைப்பிட்ட கடிதம் அவனுக்கு முன்னாலோ அவனோடோ போகும். மொகல் தெருக் கிட்டங்கியில் அவனுடைய முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பெட்டகத்தின் விலாசத்தை, அதாவது தொழில்பெயரை, சொன்னால் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அதே சீமையிலிருந்து கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போன கூலியாளும் ஒரு சீட்டோடுதான் போனான். அந்தச் சீட்டை அவன் வாசித்ததில்லை.

2. ஆய்வாளர்கள் இதுவரை

அடிமை ஒழிப்பு இயக்கத்தைக் கடிதங்களின் இயக்கம் என்றே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். பிரித்தானிய, அமெரிக்க ஒழிப்பாளர்களின் கடிதங்களைத் தொகுத்து 1974-இல் வெளியிட்டார் கிளேர் டெய்லர். பிரிட்டனுக்கு வந்த கறுப்பின அமெரிக்கர்களைப் பற்றி ரிச்சர்டு பிளாக்கெட் 1983-இல் நூல் எழுதினார். இரண்டையும் படித்தால், முன்பின் தெரியாத ஊரில் ஒரு மேடை, ஒரு படுக்கை, ஓர் அச்சகம் கிடைப்பதற்கு ஒரு கடிதம் எவ்வளவு உதவியது என்பது விளங்கும். தப்பி வந்த அடிமையான மோசஸ் ரோப்பர் 1835-இல் இங்கிலாந்தில் இறங்கியபோதும், வில்லியம், எலன் கிராஃப்ட் தம்பதியர் 1850-இல் வந்து சேர்ந்தபோதும் அவர்களுக்குக் கதவு திறந்தவை இத்தகைய கடிதங்களே. ஹாரியட் ஜேக்கப்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றுக் கைப்பிரதியோடு 1858-இல் அங்கே போனார். கடிதங்கள் இருந்தன, பதிப்பாளர் கிடைக்கவில்லை.

இதற்கு மறுபக்கத்தைக் காட்டியவர் ஜான் செகோரா. அடிமைகள் எழுதிய தன்வரலாறுகளைக் கறுப்புச் செய்தியை உள்ளடக்கிய வெள்ளை உறைகள் என்று அவர் 1987-இல் எழுதினார். முன்னும் பின்னும் வெள்ளையர்களின் சான்றுரை இல்லாமல் அந்நூல்களை யாரும் நம்பத் தயாராக இல்லை. அடிமைத்தனத்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸின் 1845-ஆம் ஆண்டுத் தன்வரலாறு, வெள்ளை ஒழிப்பாளர்களான கேரிசனின் முன்னுரையோடும் வெண்டல் பிலிப்ஸின் கடிதத்தோடும்தான் வந்தது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்கிறது நன்னூல். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களில் சாற்றுகவிகள் பக்கம் பக்கமாக நிற்பதும் இதனால்தான். ஆனால் சாற்றுகவி சான்று சொல்வது நூலின் தரத்துக்கு. கேரிசனின் முன்னுரையோ டக்ளஸ் என்று ஒருவர் இருக்கிறார், இதை அவரே எழுதினார் என்பதற்கும் சான்று சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியப் பக்கத்தில் தர்மா குமாரின் 1965-ஆம் ஆண்டு நூல், பெனடிக்ட் யெய்லெயின் 1967-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆண்ட்ரியா மேஜர், ரூபா விஸ்வநாத் ஆகியோரின் அண்மைக்கால நூல்கள் எல்லாம் தென்னிந்திய நிலஅடிமைத்தனத்தையும் சட்டத்தையும் நுணுக்கமாக ஆராய்கின்றன. இந்த இரு ஆய்வு மரபுகளும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அங்கே கடிதம் நட்பின் ஆவணம், இங்கே சீட்டு கடனின் ஆவணம் என்று பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

3. டப்ளினில் வாசிக்கப்பட்ட கடிதம்

அறிமுகக் கடிதத்துக்கு அக்காலத்தில் ஒரு நாகரிகம் இருந்தது. அதைக் கொண்டுபோகிறவரிடம் உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசித்துக்கொள்ளலாம். அது அவருக்குக் காட்டும் மரியாதை. சந்திரகாசன் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தன்னைக் கொல்லச் சொல்லும் கடிதத்தைத் தானே மடியில் கட்டிக்கொண்டு போகிறான் அந்தப் பையன். வழியில் அவன் தூங்கும்போது அமைச்சர் மகள் விஷயை அதை எடுத்து வாசித்து, விஷத்தைத் தன் பெயராகத் திருத்தியதால்தான் பிழைக்கிறான்.

டக்ளஸ் 1845 ஆகஸ்டில் பாஸ்டனில் கப்பலேறினார். டப்ளினில் அவரை ஏற்றுக்கொண்டவர் குவேக்கர் மரபில் வந்த அச்சகத்தார் ரிச்சர்டு வெப். டக்ளஸ் நூலின் அயர்லாந்துப் பதிப்பை அச்சிட்டவரும் அவரே. இந்த நேரத்தில் பாஸ்டனிலிருந்து ஒழிப்பாளர் மரியா வெஸ்டன் சாப்மன் வெப்புக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். டக்ளஸிடம் பணம் இல்லை, லண்டனிலுள்ள போட்டி ஒழிப்புச் சங்கத்தார் அவரை விலைக்கு வாங்கிவிடக்கூடும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். வெப் அதை ஒளிக்கவில்லை, டக்ளஸுக்கே வாசித்துக் காட்டிவிட்டார். நேர்மையா, குத்தலா என்று இன்று சொல்ல முடியாது. கையோடு கொண்டுபோகும் அறிமுகக் கடிதம் 'நம் அருமை நண்பர்' என்னும், பின்னால் வரும் கடிதம் 'கவனம் தேவை' என்னும். 1846 மார்ச் 29 அன்று டக்ளஸ் சாப்மனுக்கு எழுதிய பதிலில் கோபம் மறைக்கப்படவில்லை. தம்மைக் கண்காணிப்பதுதான் தம்மை இயக்கத்திலிருந்து விரட்டும் வழி என்று அவருக்குப் புரியவைத்தார்.

அந்நாட்களில் டக்ளஸ் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டெலவேரிலிருந்து ஏ.சி.சி. தாம்சன் என்பவர், டக்ளஸின் நூல் முழுப்பொய் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார். அந்த அடிமையைத் தமக்கு நன்றாகத் தெரியும், படிப்பறிவில்லாத சாதாரண ஆள், அவனால் இப்படி எழுத முடியாது என்பது அவர் வாதம். டக்ளஸ் அந்தக் கடிதத்தைத் தம் நூலின் டப்ளின் பதிப்பிலேயே சேர்த்து, தாம்சனுக்கு நன்றியும் சொன்னார். நான் அடிமையாக இருந்தவன் என்பதை இதுவரை நண்பர்கள் சொன்னார்கள், இப்போது எதிரியே சொல்லிவிட்டான் அல்லவா? பெல்ஃபாஸ்ட் பாதிரியார்கள் கொடுத்த சான்றுரைகளைச் சேர்க்க வெப் தயங்கியபோதும் டக்ளஸ் விடவில்லை. யார் தம்மை அறிமுகப்படுத்த வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கத் தொடங்கினார். அவ்வாண்டு இறுதியில் நியூகாசிலைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்கள் 150 பவுன் திரட்டி அவரைச் சட்டப்படி விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். சுதந்திரத்துக்கும் ஒரு பத்திரம் வேண்டியிருந்தது.

4. தெற்கிலிருந்து போகாத கடிதம்

1833-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. அதற்கு முன்பே லிவர்ப்பூல் வணிகர்களும் ஒழிப்பாளர்களும், கரீபியச் சர்க்கரையை ஒதுக்கிவிட்டு இந்தியச் சர்க்கரையை வாங்குங்கள் என்று பிரசாரம் செய்துவந்தார்கள். அக்காலத்துப் பீங்கான் சர்க்கரைக் கிண்ணங்கள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்யாதது என்று அவற்றின் வயிற்றில் எழுதியிருக்கும். சர்க்கரைக்கும் ஓர் அறிமுகக் கடிதம்! ஆனால் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி நன்செய்களில் பள்ளரும் பறையரும் நிலத்தோடு சேர்ந்து கைமாறுவதைப் பற்றி 1819-இல் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டு வாங்கி வைத்திருந்தது. அந்த விவரங்கள் 1828-இல் பாராளுமன்ற ஆவணமாக அச்சேறியும் இருந்தன. கிண்ணம் வாங்கியவர்கள் அதைப் படித்திருக்க வழியில்லை.

படித்தவர் வில்லியம் ஆடம். 1818-இல் பாப்டிஸ்ட் பாதிரியாராக வங்காளத்துக்கு வந்து, ராம்மோகன் ராயின் நட்பால் சமயக் கொள்கை மாறி, 'இரண்டாவது முறை வீழ்ந்த ஆதாம்' என்று கேலிக்கு ஆளானவர். வங்காளத்துப் பள்ளிகளைப் பற்றிய அறிக்கைகளுக்காக இன்றும் நினைக்கப்படுகிறார். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பேராசிரியரானார். பிரித்தானிய இந்தியாவின் அடிமைச் சட்டத்தையும் வழக்கத்தையும் பற்றி அவர் எழுதிய நூல் 1840-இல் பாஸ்டனில் வெளியாயிற்று. நூல் முழுக்க பிரித்தானிய ஒழிப்பாளர் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டனுக்கு எழுதிய கடிதங்கள். அதே ஆண்டு ஜூனில் லண்டன் உலக அடிமை ஒழிப்பு மாநாட்டிலும் கலந்துகொண்டார். அம்மாநாட்டின் முதல் நாளே சான்றுச்சீட்டுச் சண்டையில் போயிற்று. முறையான சீட்டோடு வந்திருந்த அமெரிக்கப் பெண் பிரதிநிதிகளைச் சபையில் சேர்க்க மறுத்துத் தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்தார்கள். சீட்டு இருந்தாலும் முகம் சரியில்லை என்றால் என்ன செய்வது?

ஆடமின் கடிதங்களில் தமிழ்நாட்டைப் பற்றி வரும் செய்திகளுக்கு ஆதாரம் கம்பெனி அதிகாரிகளின் எழுத்து. கலெக்டர் வாரியத்துக்கு எழுதினார், வாரியம் கவர்னருக்கு, கவர்னர் லண்டனுக்கு, அங்கிருந்து அச்சு, அச்சிலிருந்து ஆடம், ஆடமிடமிருந்து பக்ஸ்டன். இத்தனை கைகளில் ஒரு பண்ணையாளின் கை கிடையாது. வங்காளத்து வரலாறும் இதே போக்குதான். துவாரகாநாத் தாகூர் 1842-இல் இங்கிலாந்து சென்று திரும்பும்போது புகழ்பெற்ற அடிமை ஒழிப்புப் பேச்சாளர் ஜார்ஜ் தாம்சனை அழைத்து வந்தார். அமெரிக்காவில் கல்லடிக்கு அஞ்சாமல் அடிமைகளுக்காகப் பேசியவர், கல்கத்தாவில் படித்த இளைஞர்களிடம் பேசினார், முகலாயப் பேரரசரின் முகவராகவும் ஆனார். தாம்சனைக் குறைசொல்வதற்கில்லை. அவரை அறிமுகப்படுத்தியவர்களின் வீட்டுக் கதவுகள்தான் அவருக்குத் திறந்தன. அறிமுகக் கடிதத்தின் எல்லையே அது.

தாம்சன் கல்கத்தாவில் இருந்தபோதே, 1843 ஏப்ரலில், இந்திய அடிமைத்தனம் பற்றிய ஐந்தாம் எண் சட்டம் வந்தது. வாசித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். யாரையும் அது விடுதலை செய்யவில்லை. வரிபாக்கிக்காக அதிகாரிகள் ஆளை விற்கக்கூடாது, அடிமை உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டாது, அடிமையாக இருந்தவர் என்பதற்காக ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது, சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். இவ்வளவுதான். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை இனி ஓலையை ஒத்துப்பார்க்காது என்று அறிவித்தது சட்டம். ஓலையை யாரும் கிழிக்கவில்லை. டக்ளஸுக்குக் கிடைத்ததுபோல் ஒரு விடுதலைப் பத்திரமும் யார் கையிலும் கொடுக்கப்படவில்லை. சட்டத்தின் சொற்கள் கம்பெனி ஆட்சிப்பகுதியையே குறித்தன. தொண்டைமான் சமஸ்தானமான புதுக்கோட்டை அதற்கு வெளியே இருந்தது.

ஆளோலை செல்லாததானால் கடன்சீட்டு இருக்கிறதே. 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத கூலியாளைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வழி செய்தது. 1920-களின் நடுவில்தான் அது நீங்கியது.

அடிமைப்பட்டவரின் கை இல்லாத இந்த வரிசைக்கு மாறாக, மகாராட்டிரத்தில் ஜோதிராவ் ஃபுலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இடையில் ஆள் வைக்காமல், கண்டறியாதவர்களுக்குத் தம்மையும் தம் மக்களையும் தாமே அறிமுகப்படுத்திக்கொண்ட கடிதம் அது.

5. துண்டு

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்ற தமிழ்ச் சொல் ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே ஏறியது. கங்காணி ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வருவார். வழிச்செலவு, முன்பணம், அரிசி எல்லாம் அவர் பேரில் பற்று எழுதப்படும். அவர் அதை ஆட்களின் பேரில் எழுதிக்கொள்வார். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்க வேண்டும். இன்ன கங்காணியையும் அவருடைய இத்தனை ஆட்களையும் இவ்வளவு ரூபாய் கட்டினால் விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கங்காணி அதை மடித்து வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். தொகையைக் கட்டச் சம்மதிக்கும் துரைக்கு அந்தக் கூட்டம் சொந்தம். மேற்கொண்டு கொடுத்த முன்பணமும் சேர்ந்து கடன் இன்னும் ஏறியிருக்கும்.

இந்தத் தாளை அறிமுகக் கடிதம் அல்ல என்று சொல்ல முடியுமா? எழுதியவர் ஒரு துரை, பெறுபவர் இன்னொரு துரை. இவர்கள் வேலை செய்பவர்கள், ஏற்றுக்கொள்ளலாம் என்ற பொருள் உள்ளே இருக்கிறது. கொண்டுபோகிறவருக்கு அதனால் இடமும் கிடைக்கிறது. வடிவம் அச்சாக அதேதான். ஒரே ஒரு வரி கூடுதல்: விலை. அந்த வரியில் இருப்பது, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் தூங்கும் முப்பது நாற்பது பேரின் விலை என்பதும், பெரும்பாலானவர்களுக்கு அதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது என்பதும் துரைமார் இருவருக்குமே தெரிந்தவை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரமும் வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லையைக் கயிற்றில் கோத்து ஆளின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். 1904-இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் அலுவலகம் அமைந்தது. ஆட்கள் தங்கிப் புறப்படும் தட்டப்பாறை முகாமிலிருந்து தோட்டத்து வாசல்வரை யாரும் பெயர் கேட்க வேண்டியதில்லை, வில்லையைப் பார்த்தால் போதும். மொகல் தெருவில் விலாசம் செய்த அதே வேலை. செட்டிநாட்டுப் பையனுக்கு விலாசம் வாயில் இருந்தது, கூலியாளுக்குக் கழுத்தில் தொங்கியது.

சென்னை அரசுக்காக மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் 1917-இல் கொடுத்த அறிக்கை இந்தக் கடன் முறையை விரிவாகப் பேசுகிறது. கொழும்பில் பொன்னம்பலம் அருணாசலம், வேலையை விட்டு ஓடிய கூலியாளைச் சிறையிலடைக்கும் சட்டத்தை எதிர்த்து இடைவிடாமல் எழுதியும் பேசியும் வந்தார். 1921-இல் துண்டு சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இதை முழுக்க மனிதநேயத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. துண்டை வைத்துக் கங்காணிகள் துரைமாரை ஏலம் விட்டதால் முன்பணம் கட்டுக்கடங்காமல் போயிருந்தது, துரைமாருக்கே அது தலைவலி. இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்துகொண்டது. அருணாசலத்தின் பங்கைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவர் குரல் எடுபட்டதற்கு நேரமும் கூடிவந்தது.

6. ஒரு மறுப்பும் அதற்குப் பதிலும்

இரண்டையும் ஒப்பிடுவது தகாது என்று ஒருவர் மறுக்கலாம். அறிமுகக் கடிதம் நட்பால் எழுதப்படுவது, துண்டு கணக்கால் எழுதப்படுவது என்பார். சாப்மனின் கடிதம் இந்த வேறுபாட்டை முழுதாக நம்பவிடவில்லை. அதிலும் பணக்கணக்கு இருந்தது. 'வாங்கிவிடுவார்கள்' என்ற அச்சம் விலையைப் பற்றியதுதானே? டக்ளஸ் வேறுபடுவது வேறிடத்தில். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அவர் கேட்டார், பதில் எழுதினார், எதிரியின் கடிதத்தைத் தாமே அச்சிட்டார். உறை அவருக்கு ஒட்டப்படவில்லை, அல்லது ஒட்டியதை அவர் பிரித்துக்கொண்டார்.

நடுவில் நிற்பது பாலசுந்தரத்தின் கதை. 1894-இல் டர்பனில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தி காந்தியின் முன் வந்து நின்ற தமிழ் ஒப்பந்தக் கூலி அவர். காந்தியிடம் வேலைபார்த்த தமிழ் எழுத்தர் வழியாகத்தான் செய்தி புரிந்தது. காந்தி அவரை ஒரு வெள்ளை மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் வாங்கினார், பிறகு நடுவரிடம் அழைத்துப் போனார். உடைந்த பல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, ஆனாலும் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதன் பலனையும் கவனிக்க வேண்டும். பாலசுந்தரம் விடுதலையாகவில்லை, வேறொரு வெள்ளை முதலாளிக்கு மாற்றப்பட்டார். துண்டு செய்ததும் அதைத்தான். இரண்டு ஆண்டு கழித்து, 1896 அக்டோபரில், காந்தி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது பாலசுந்தரம் கதையால்தான் நகரம் கொதித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சென்னையில் காந்தியை அறிமுகப்படுத்தியவர் ஒரு வகையில் பாலசுந்தரம்தான்.

7. புடவை மூட்டை

துண்டு போன பிறகு மலையகத்தில் பத்துச்சீட்டு நிலைத்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டதற்கோ விலகியதற்கோ துரை கொடுக்கும் விடுவிப்புச் சீட்டு அது. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதியாது. அதில் துரை என்ன எழுதுகிறார் என்பதே ஒரு குடும்பத்தின் கவலை. வெளியார் யாரும் துரையின் அனுமதியின்றி லயத்துக்குள் நுழையவும் அப்போது முடியவில்லை. அத்துமீறல் சட்டம் வாசலிலேயே நின்றது.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர் அந்த மக்களின் நிலையை நேரில் பார்க்க விரும்பினார். கொழும்பில் பத்திரிகை நடத்தியவர், வேண்டியிருந்தால் யாரிடமாவது ஒரு கடிதம் வாங்கியிருக்க முடியும். வாங்கிப் போயிருந்தால் பங்களாவின் முன்கூடத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவர் புடவை வியாபாரியாக வேடம் போட்டு, மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார். லயத்துப் பெண்கள் விலை கேட்க வெளியே வந்தார்கள்.